அரைச் சுற்றில் போன மீன்

உன் தூண்டில் ரீல் என் கைக்கு வந்து நான்கு நாளாகிறது. குன்றத்தூர் வீட்டைக் காலி செய்துகொண்டு ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில், உன் மனைவி அதை ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்தாள். “இத யாரையும் தொட விட மாட்டாவ அண்ணே. நீங்களே வச்சுக்கிடுங்க” என்றாள். தங்கச்சி அழாமல் பேசியது எனக்குக் கஷ்டமாக இருந்தது. பையைத் திறந்தால் காய்ந்த உப்பும் கிரீசும் கலந்த வாடை. நீ இறந்துபோய் மூன்று மாதமாகிறது, அந்த வாடை மட்டும் போகவில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் மேல் எனக்கு எப்போதும் பொறாமைதான்.

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு பெட்டியோடு வந்து என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தாய். ஒரே மாதத்தில் கம்பெனியின் அசெம்பிளி லைன் முழுக்க உன்னைத் தலைவா என்று கூப்பிட்டது. நான் பிள்ளைப்பாக்கத்துக்காரன், உள்ளூர். என்னை சூப்பர்வைசர்கூடப் பெயர் மாற்றித்தான் கூப்பிடுவார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவாய். எங்க அம்மா உன் தட்டில் நடுத்துண்டு மீனை வைத்துவிட்டு என் தட்டில் வாலை வைக்கும். கேட்டால், “அது வூட்ட வுட்டு வந்த புள்ளடா, உனுக்கு இன்னா கொறச்சல்?” என்று என்னையே திட்டும். நீ தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பாய். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்காது.

மீன் பிடிப்பதிலாவது நான் சளைத்தவன் இல்லை என்று நினைத்திருந்தேன். ஏரியில் விரால் பிடித்து வளர்ந்தவன் நான். அதனால்தான் நீ கோவளத்தில் படகு பேசியிருப்பதாகச் சொன்னதும் முதல் ஆளாக வண்டியை எடுத்தேன். நீ, நான், நம் லைனிலிருந்து இரண்டு பேர், படகுக்காரர். விடிந்து வெயில் ஏறுகிற நேரத்தில் கரை ஒரு கோடாகத் தெரிகிற தூரத்துக்குப் போயிருந்தோம்.

முதல் மீன் எனக்குத்தான் மாட்டியது, ஞாபகம் இருக்கிறதா? மூன்று கிலோ பாறை மீன். படகுக்காரர் செவுளில் விரலை விட்டுத் தூக்கிக் காட்டி, “நல்ல மீனுபா, கை ராசிதான் உனுக்கு” என்றார். எல்லோரும் என்னைப் போட்டோ எடுத்தார்கள். நீயும் என் தோளில் தட்டினாய். வாழ்க்கையில் முதல்முறையாக நீ எனக்குப் பக்கத்தில் நின்றாய், நான் நடுவில் நின்றேன். அது இருபது நிமிஷம் நீடித்தது.

பிறகு உன் தூண்டில் வளைந்தது.

ரீல் போட்ட சத்தத்தில் என் பாறையை ஐஸ் பெட்டியில் போட வந்தவர்கள் அதைக் காலடியிலேயே போட்டுவிட்டு உன்னிடம் ஓடினார்கள். நூல் போய்க்கொண்டே இருந்தது. ஒருமுறை அது தண்ணீருக்கு மேலே புரண்டது. முதுகு மட்டும்தான் தெரிந்தது. படகுக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். “வஞ்சிரம்பா. ஆளு சைஸ் கீதுபா” என்றார். நீ அரை மணி நேரம் அதனோடு மல்லுக்கட்டினாய். உள்ளங்கை வியர்த்து வழுக்கவும், துண்டைச் சுற்றிக்கொள்வதற்காகத் தூண்டிலை என்னிடம் நீட்டினாய்.

“ஏல, ஒரு நிமிசம் புடி. பின்னால உள்ள திருக மட்டும் தொட்ராத, என்ன?”

அந்தத் திருகு தளர்வாக இருந்தால் மீன் இழுக்கும்போது நூல் ஓடும், மீனும் களைக்கும். இறுக்கினால் நூல் ஓடாது, அறுந்துவிடும். இதை நீ கரையிலேயே சொல்லிக்கொடுத்திருந்தாய். நான் பிடித்தேன். நூல் என் கண் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. நம் வேலை என்ன? தளர்வாக இருப்பதை முறுக்குவது. ஒரு ஷிப்டுக்கு எத்தனை நட்டு! கை பழகிப்போய்விட்டது என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். பாழாய்ப்போன அந்த மீன் என் கையில் இருக்கும்போது மேலே வந்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அப்படி வந்தால் அது நாம் இருவரும் பிடித்த மீன் ஆகிவிடும். அரைச் சுற்றுதான் முறுக்கினேன்.

நீ துண்டைச் சுற்றிக்கொண்டு தூண்டிலை வாங்கினாய். மீன் கடைசியாக ஒரு ஓட்டம் எடுத்தது. ‘டக்’ என்றது. லைனில் அந்தச் சத்தம் வந்தால் நட்டு சரியாக இறுகிவிட்டது என்று அர்த்தம். அன்று தூண்டில் நிமிர்ந்து நின்றுவிட்டது.

நீ நூலைச் சுற்றி எடுத்து நுனியைப் பார்த்தாய். பிறகு ரீலைத் திருப்பிப் பார்த்தாய். என்னைப் பார்க்கவில்லை. “பல்லுல அறுத்துட்டுல. பல்லுள்ள மீனுல்லா” என்றாய். அவ்வளவுதான். என் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அடுத்த முறை கடலுக்கு வேறு ரீல் கொண்டுவந்தாய். பழையது என்ன ஆச்சு என்று கேட்டேன். “கெட்டுப் போச்சு, வீட்ல கெடக்கு” என்றாய்.

அது கெட்டுப்போகவில்லை, இல்லையா?

நம் லைனில் நட்டை முறுக்கியதும் நட்டின் மேலும் பக்கத்து இரும்பின் மேலும் சேர்த்து மஞ்சள் மார்க்கரால் ஒரு கோடு இழுப்போம். நட்டு கொஞ்சம் அசைந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். நீ உன் ரீலிலும் திருகிலிருந்து உடம்புக்கு அதே கோட்டை இழுத்து வைத்திருக்கிறாய். அன்று என் கண்ணில் அது படவே இல்லை. நான்கு நாள் முன்பு பட்டது. உடம்பில் பாதிக் கோடு மேலே இருக்கிறது. திருகில் இருக்க வேண்டிய பாதி அதற்கு நேர் எதிரே, கீழே இருக்கிறது. சரியாக அரைச் சுற்று.

ஆக, நீ அன்றே பார்த்துவிட்டாய். பார்த்துவிட்டுப் பல்லின் மேல் பழியைப் போட்டாய். திருகைப் பழைய இடத்துக்குத் திருப்பக்கூட இல்லை. அத்தனை வருஷம் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டாய். நான் உன் இடத்தில் இருந்திருந்தால் மறுநாள் கேன்டீனிலேயே உன் மானத்தை வாங்கியிருப்பேன். அது தெரிந்ததால்தான் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. மீனை விட்டுக்கொடுத்ததைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். இந்தப் பெரிய மனசை எங்கே வாங்கினாய்?

நேற்று கேன்டீனில் மீன் குழம்பு. வழக்கம்போல் உன் பேச்சு வந்தது. நீ இருந்தபோது பதினைந்து கிலோவாக இருந்த மீன் இப்போது முப்பதைத் தாண்டிவிட்டது. என் பாறையைப் பற்றி ஒருவனும் வாய் திறக்கவில்லை. நான் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். திருகு, அரைச் சுற்று, மஞ்சள் கோடு, என் ஆசை, எல்லாம்.

அன்று நம்மோடு படகில் வந்தவன் சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தான். “சும்மா இருப்பா. பல்லால அறுத்துகினு பூட்ச்சுன்னு தலைவரே சொன்னாரு. அவரு பொய் சொல்வாரா? அதுலயும் நீ பங்கு கேக்குற பாரு!”

மேஜை முழுக்கச் சிரித்தது. நான் தட்டை இழுத்துக்கொண்டு சாப்பிட்டேன். உண்மையைச் சொன்னாலும் உன் பொய்தானடா ஜெயிக்கிறது.

ரீல் என் வண்டிப் பெட்டியில் இருக்கிறது. இன்று காலை கம்பெனி கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு அதை எடுத்தேன். திருகை அரைச் சுற்று திருப்பினால் இரண்டு கோடும் சேர்ந்துவிடும். விரலைக் கிட்டே கொண்டுபோனேன். பிறகு நீ சொன்னது ஞாபகம் வந்தது. இந்த முறை தொடவில்லை.