றஜீவ் யார் என்று கேட்கிறார்கள்

லூயிஷாம்,
தவக்காலம், நாலாம் வெள்ளி.

அன்பின் மரினாவின் அப்பாவுக்கு,

மடுமாதா புண்ணியத்தில் நானும் பிள்ளையும் இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை. உங்கள் கைகளில் சூடுபட்ட காயங்கள் ஆறினவா? அங்கே மருந்து கட்டுகிறார்களா? பார்க்க வர வேண்டாம் என்று நம் வழக்குப் பார்க்கிற சொலிசிற்றரிடம் சொல்லி அனுப்பினீர்களாம். கென்ற் வரைக்கும் ரெயின் ஏறி வந்து சிறை வாசலில் நின்று உங்களோடு சண்டை பிடிக்க எனக்குத் தெரியாதா? பிள்ளையைத் தனியே விட மனமில்லாமல் நிற்கிறேன். உள்ளே வரும் கடிதங்களை அவர்கள் வாசித்துவிட்டுத்தான் தருவார்களாம். நன்றாக வாசிக்கட்டும்.

மரினாவின் தோள் எலும்பு பொருந்திக்கொண்டு வருகிறது. வலக்கை தூக்க ஏலாது, தலை நான்தான் சீப்பால் இழுத்து விடுகிறேன். டொலறஸ் அக்கா கோயிலில் உங்களுக்காகப் பூசை ஒப்புக்கொடுத்தா. கொடுத்த கையோடு, ஞானரட்ணம் இப்படிச் செய்யிற ஆளே இல்லையே, ஏன் செய்தவர் என்று எல்லாருக்கும் கேட்க என்னைப் பிடித்து விசாரித்தா. எனக்கு வந்த கோபத்துக்குப் பீடத்து மெழுகுதிரியை எடுத்து எறிந்திருப்பேன்.

நபீலின் கை இன்னும் மாவுக்கட்டோடுதான். உடைந்த சாப்பாட்டுக் கடைக்குப் பலகை அடித்திருக்கிறார்கள். இருந்தும் மனுசன் மற்றக் கையால் சட்டியைத் தூக்கிக்கொண்டு வெள்ளி தவறாமல் நம் வீட்டுக்கு வருகிறார். சிறைக்குப் போனவன் வீட்டு அடுப்பை எரிய விடக்கூடாது, அயலவர்தான் சமைத்துக் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் ஊர் வழக்கமாம். நோன்போடு சமைத்து, ருசி பார்க்காமல் கொண்டு வந்து தருகிறார். உப்புக் கொஞ்சம் கூட. நான் சொல்லவில்லை.

பொலிஸிடம் ஒன்றும் ஞாபகமில்லை என்று சொல்லிவிட்டீர்கள். அதனால் நான் கண்டதை எழுதுகிறேன். பேசாமல் கடைசி வரை வாசியுங்கள்.

நாம் நபீலின் கடைக்குப் போன அன்றைக்கும் வெள்ளி. அவர்களுக்கு நோன்பு திறக்கிற நேரம், நமக்கு இறைச்சி தொடாத நாள். அது தெரிந்து நபீல் கத்தரிக்காயும் பூக்கோவாவும் சோற்றோடு அடுக்கி மக்லூபா சமைத்து வைத்திருந்தார். சோற்றுச் சட்டியைத் தட்டத்தில் கவிழ்த்து, சோறு உடையாமல் இறங்க வேண்டும் என்று அடியில் தட்டுவார்களே, எப்போதும் அதைத் தட்டுவது மரினாதான். அன்றைக்குப் படம் பிடிக்கப் போகிறேன், அப்பா நீங்க தட்டுங்கோ என்று சொல்லிவிட்டுக் கைபேசியோடு நின்றாள். நீங்கள் சிரித்துக்கொண்டு எழும்பித் தட்டினீர்கள்.

அப்போதுதான் முன்கண்ணாடி முழுதாக உள்ளே விழுந்தது.

எனக்கு நினைப்பு வர முதல் உடம்பு மேசைக்குக் கீழே போய்விட்டது. ஷெல்லடிக்குப் படுக்கிற மாதிரி, நெஞ்சு நிலத்தில் படாமல் முழங்கையை ஊன்றி, காதுக்குள் விரலை விட்டு, வாயைத் திறந்துகொண்டு கிடந்தேன். பக்கத்து மேசைக்குக் கீழே நபீலின் மனைவி சமீராவும் அதே மாதிரி வாயைத் திறந்துகொண்டு கிடந்தா. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் மாதிரி இருந்தது. லண்டனில் பிறந்த என் பிள்ளை மட்டும் நின்றுகொண்டிருந்தாள். விழுந்து படுக்க நாம் அவளுக்குப் பழக்கவே இல்லை.

முகத்தை மூடிய மூன்று பேர், உங்கள் நாட்டுக்குத் திரும்பிப் போங்கள் என்று கத்திக்கொண்டு இரும்புக் கம்பிகளோடு வந்தார்கள். நபீலின் கை முறிந்த சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது. சூப் குடித்துக்கொண்டிருந்த கிழவருடைய மண்டையைப் பிளந்தார்கள். ஒருத்தன் மரினாவின் கைபேசியைக் கண்டுவிட்டு அவளுக்கு நேரே கம்பியை ஓங்கினான். அடி தோளில் விழுந்தது. அவள் அலறினாள்.

நீங்கள் ஒரு கையால் அவளைக் கீழே அமுக்கினீர்கள். மறுகணம் அந்தக் கொதிக்கிற சட்டியை வெறுங்கையால் தூக்கி அவன் முகத்தில் அடித்தீர்கள். அவன் விழுந்தான், மற்ற இரண்டு பேரும் ஓடிவிட்டார்கள். அதோடு விட்டிருக்கலாம். நீங்கள் விடவில்லை. அவன் மேல் ஏறி இருந்து அடித்தீர்கள். திரும்பத் திரும்ப அடித்தீர்கள். சிந்திய சோற்றுக்குள் பல்லும் இரத்தமும் கிடந்தன. முறிந்த கையோடு நபீல் வந்து உங்களைப் பின்னால் கட்டிப்பிடித்து இழுத்திராவிட்டால் நீங்கள் கொன்றிருப்பீர்கள். உங்களைக் கண்டு நான் பயந்தேன். கட்டிய நாளிலிருந்து அன்றைக்குத்தான் பயந்தேன்.

மரினாவின் கைபேசி கீழே விழுந்தும் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. அடிக்கும்போது நீங்கள் கத்தியது எல்லாம் அதில் இருக்கிறது. "தலையைத் தூக்காதை, றஜீவ்! படு, றஜீவ்!" பொலிஸ் அதைத் தமிழ் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து எழுதி எடுத்துக்கொண்டு வந்து, றஜீவ் யார், உங்களோடு வந்த இன்னொரு ஆளா, எங்கே ஒளிந்திருக்கிறான் என்று என்னைக் கேட்டார்கள். உங்களிடம் கேட்டதற்கு, அப்படி ஒருவரும் இல்லை என்றீர்களாம்.

எப்படி உங்களுக்கு அது வாயில் வந்தது?

ஊரில் சண்டை நேரம் நாம் பதுங்கிக் கிடந்த அந்தப் பங்கரை நீங்கள்தான் வெட்டினீர்கள். நீங்கள் தண்ணீர் எடுக்கப் போய்த் திரும்பி ஓடி வரும்போது ஷெல் வந்தது. தலையைத் தூக்காதை என்று நீங்கள் கத்த, அப்பா வந்துவிட்டார் என்று அவன் தலையைத் தூக்கினான். நாலு வயதுப் பிள்ளை வேறென்ன செய்யும்? அதற்குப் பிறகு நீங்கள் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. றஜீவின்ட அப்பா என்று உங்களைக் கூப்பிட்ட நான், மரினா பிறந்த பிறகு மரினாவின்ட அப்பா என்று மாற்றிக்கொண்டேன். நீங்கள் அதைத்தான் விரும்பினீர்கள். அவனை மறைத்து வைத்தால் இந்தப் பிள்ளையாவது பயமில்லாமல் வளரும் என்றீர்கள். நானும் சம்மதித்தேன்.

கோவியாதேயுங்கோ. மரினாவுக்குச் சொல்லிவிட்டேன். றஜீவ் ஆர் அம்மா, பொலிஸ் என்னட்டையும் கேக்குது என்று கேட்டாள். உன்ர அண்ணன் என்றேன். அண்ணாக்கு என்ன சாப்பாடு விருப்பம் என்று கேட்டாள். பாணும் சீனியும் என்றேன். போய் எடுத்து வந்து இடக்கையால் சாப்பிட்டுக்கொண்டே அழுதாள்.

நீங்கள் அடித்த அந்தப் பெடியனுக்கு உயிருக்கு ஆபத்தில்லை. ஒரு கண் போய்விட்டது. கோர்ட்டில் தாயைக் கண்டேன், என்னைவிட வயது குறைவு. அவனை நான் மன்னிக்கவில்லை, என் பிள்ளையை அடித்தவன். ஆனால் அவளுடைய முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. உங்களாலும் முடியாது.

உங்களுக்குள் என்ன நடந்தது என்று தெரிந்தால் நீதிபதி தண்டனையைக் குறைத்துத் தீர்க்கலாம், தெரியாவிட்டால் கனவருடம் போகும் என்று சொலிசிற்றர் சொல்கிறார். றஜீவைப் பற்றி எழுதிக் கொடுக்க உங்கள் சம்மதம் வேண்டுமாம். கையெழுத்து வையுங்கள், என் ராசா. அவனை இந்த வழக்குக்குள் இழுக்காதே என்று சொல்லாதீர்கள், அவனை அங்கே கூப்பிட்டது நீங்கள்தான். நீங்கள் மாட்டேன் என்றாலும் வழக்கு நாளில் நான் எழும்பி நின்று அவன் பெயரைச் சொல்லுவேன். மரினாவும் பக்கத்தில் நிற்கிறேன் என்கிறாள்.

மருந்தை ஒழுங்காகப் போடுங்கள். இரவில் போர்வையை இழுத்து மூடுங்கள். மடுமாதா உங்களைக் கைவிடமாட்டா, நாங்களும் விடமாட்டோம்.

இப்படிக்கு,
உங்கள் மெற்றில்டா,
றஜீவின் அம்மா.