சாப்பாட்டு மேசையில் வாசிப்பு

அன்புத் தங்கைக்கு,

எங்கள் பிரான்சிஸ்கன் மடத்துக்கும் பள்ளிக்கும் வரலாறு எழுதித் தரும்படி மேலிடத்து உத்தரவு. உனக்குப் பதில் போடத் தாமதமானது அதனால்தான் என்று வைத்துக்கொள்.

முதல் துறவிகள் கழுதைமேல் கரும்பலகை ஏற்றி வந்ததை எழுதிவிட்டேன். பள்ளியை மூடிய இடத்துக்கு வந்தால் பேனா ஓட மாட்டேன் என்கிறது.

இங்கே சாப்பிடும்போது பேசக் கூடாது. ஒருவர் சத்தமாக வாசிப்பார், மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சாப்பிடுவோம். இப்போது மிஞ்சியிருப்பது நான் மட்டும். வாசித்தால் சூப் ஆறிவிடுகிறது. சாப்பிட்டால் வாசிக்க ஆளில்லை.

நேற்று சமையல்காரருக்குப் பொறுக்கவில்லை. எங்கள் பள்ளியிலேயே படித்தவர். "சாமி, நீங்க சாப்பிடுங்க, நான் படிக்கிறேன்" என்று நான் எழுதிவைத்த தாள்களை எடுத்தார். கரும்பலகை, கழுதை எல்லாம் தாண்டி, "இதுக்கு மேல ஒண்ணும் காணோமே, சாமி?" என்றார்.

"அவ்வளவுதாம்ப்பா."

என் தட்டைப் பார்த்தார். பாதிகூடக் காலியாகவில்லை. மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்கினார்.

மாதக் கடைசியில் மடத்தையும் பூட்டிச் சாவியை ஒப்படைக்க வேண்டும். உன் வீட்டு மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அங்கே சாப்பிடும்போது எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவீர்கள், இல்லையா? முதல் சில நாள் நான் பதில் சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்ளாதே.

உன் அண்ணன்