வரி முடிவில் ஒட்டிய குறி

என் பிரியமான மைனி,

என் அண்ணன், உங்க வீட்டுக்காரர், நல்லா இருக்கிறார். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதியைக் கேட்கக்கூட உங்களுக்குப் பொறுக்காது. எனக்குத்தான் உடம்பும் மனசும் ஓய்ந்து கிடக்கின்றன.

நீங்க கண்ணை மூடிய பிறகு, தூத்துக்குடியில் நம் மீனவர் சங்க அலுவலகத்தில் உங்க வேலையை எனக்குத்தான் கொடுத்தார்கள். காற்று எச்சரிக்கை வந்ததும் படகுக்காரர்கள் எல்லோருக்கும் போன் அழைப்புப் போகும்படி நீங்க கணினியில் எழுதிவைத்த ஸ்கிரிப்ட் இத்தனை நாளும் ஒழுங்காக ஓடியது.

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் எச்சரிக்கை வந்தது. ஸ்கிரிப்டை ஓட்டினேன். அப்படி ஒரு கோப்பே இல்லை என்றது கணினி. கண்ணெதிரே இருக்கிற கோப்பை எப்படி மைனி இல்லை என்று சொல்லும்? திறந்து பார்த்தேன், எழுத்தெல்லாம் சரி. மறுபடி ஓட்டினேன், அதே பதில். கீழவைப்பாரில் அண்ணன் வள்ளத்தைக் கடலில் இறக்கியிருப்பாரே.

கணினியை விட்டுவிட்டுப் போனை எடுத்தேன். ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். கோயில் மைக்கில் சொல்லச் சொன்னேன். அண்ணன் மட்டும் எடுக்கவில்லை. பஸ் பிடித்துக் கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது மற்ற வள்ளங்கள் திரும்பியிருந்தன. அண்ணன் கடைசியாக வந்தார், வலையை அறுத்துப் போட்டுவிட்டு. நனைந்த சட்டையோடு என்னைப் பார்த்து, "ஏளா, அவ இருந்திருந்தா போன் வந்திருக்கும்லா" என்றார்.

மறுநாள்தான் பிடிபட்டது. மறைந்திருக்கும் குறிகளையும் காட்டும் cat -A கட்டளையைப் போட்டேன். ஒவ்வொரு வரி முடிவிலும் ^M என்று நின்றது. சங்கச் செயலாளர் அண்ணாச்சியிடம் கேட்டேன்.

"புதுப் படகுக்காரங்க போன் நம்பரு சேக்கணும்னு சொன்னாவ. அந்தக் கோப்ப என் லேப்டாப்புல தெறந்து சேத்துக் குடுத்தேன். வேற ஒண்ணையும் தொடலயேம்மா" என்றார், முகம் வெளுத்துப்போய்.

உண்மைதான், அவர் தொடவில்லை. அவருடைய விண்டோஸ், சேமிக்கும்போது வரிக்கு வரி கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியைக் கூடுதலாக வைத்துவிட்டது. நம் அலுவலகக் கணினியின் லினக்ஸோ முதல் வரியில் இருக்கும், ஸ்கிரிப்டை ஓட்டவேண்டிய bash என்ற நிரலின் பெயரோடு அந்தக் குறியையும் சேர்த்துப் படித்துவிட்டு, அந்தப் பெயரில் எதுவுமே இல்லை என்று கைவிரித்திருக்கிறது. dos2unix என்று ஒரு கட்டளை கொடுத்தேன், குறிகள் போய்விட்டன. இதற்காகவா ஒரு சாயங்காலம் முழுக்க உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கரையில் நின்றோம்? கோபப்படவும் தெம்பில்லை. யார்மேல் கோபப்பட?

சரிபார்க்க அண்ணனுக்கு மட்டும் ஒரு அழைப்பு அனுப்பினேன். அதில் இன்னமும் உங்க குரல்தான். "காத்து பலமா வருது, கடலுக்குப் போகாதீங்க." வேறு யாரையும் பேசவைத்துப் பதிவு செய்ய எங்களுக்கு மனசு வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் அண்ணன் கூப்பிட்டார்.

"சும்மா சோதனைதானா?"

"ஆமாண்ணே. வந்துட்டுல்லா?"

"வந்துட்டு." நான் போனை வைக்கப் போனபோது, "இன்னொரு தடவ அனுப்புளா" என்றார்.

அனுப்பினேன்.

இனி அந்தக் கோப்பை யார் தொட்டாலும், ஓட்டிப் பார்த்து, அண்ணன் போன் அடித்ததா என்று கேட்காமல் வீட்டுக்குக் கிளம்பமாட்டேன் மைனி. சத்தியம்.

உங்கள் நாத்தனார்,
ஜெனிட்டா