சண்டையே இல்லாத அறை

ஜூலை 8, திங்கள்

வக்கீலம்மா இன்று என் துண்டையும் சேர்த்து மடித்து வைத்திருந்தாள். நான் அவளுடைய தண்ணீர் பாட்டிலை நிரப்பி வைத்தேன். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் அறையில் எல்லாம் இப்படித்தான் நடக்கிறது.

வக்கீலம்மா என்பது ஹாஸ்டல் வைத்த பெயர். சட்டம் படிக்கிறாள். சாப்பாட்டு வரிசையில் யாராவது நடுவில் நுழைந்தால் நின்று வாதாடி வெளியே அனுப்பிவிட்டுத்தான் தட்டை எடுப்பாள். அறைக்குள் வந்தால் மட்டும் வாய் திறப்பதில்லை.

எதிர் அறையில் கண்ணாடிக்காக மறுபடியும் சண்டை. வார்டன் மேடம் வந்து, "அந்த ரெண்டு பொண்ணுங்களப் பாத்துக் கத்துக்கோங்க, சத்தமே வராது" என்று எங்களைக் காட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது. எதிர் அறை நெட்டை சும்மா விடவில்லை. "உங்க ரூம்ல மனுஷங்க இருக்கீங்களா, இல்ல போட்டோ மாட்டி வச்சிருக்கா?" என்றாள்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "சண்ட சச்சரவு இல்லாம இருக்கியே, அது போதும்மா."

போதும்தான்.

ஜூலை 11, வியாழன்

டீ குடித்ததும் அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுகிறாள். நான் என் கணக்கு நோட்டோடு கீழே துணி துவைக்கும் அறைக்கு. இரண்டு மேசை, இரண்டு நாற்காலி, நல்ல வெளிச்சம், எல்லாம் எங்கள் அறையில் சும்மா கிடக்கின்றன.

எனக்கு அமைதி ஒத்துக்கொள்வதில்லை. எங்கள் வீடு அப்பாவின் லேத் பட்டறைக்குப் பின்னால். இரும்பு கடையும் சத்தத்துக்கு நடுவில்தான் நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். சத்தம் நின்றால் கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம்; புத்தகத்தை மூடிவிடுவேன். இங்கே அறையில் உட்கார்ந்தால் என் மூச்சு எனக்கே கேட்கிறது, கழித்தல்கூடத் தப்பாக வருகிறது. வாஷிங் மெஷின் கடைசியில் வேகமெடுத்துச் சுற்றும்போது அப்படியே பட்டறைச் சத்தம். அப்போது எவ்வளவு கஷ்டமான கணக்கும் படிந்துவிடும்.

இதை அவளிடம் எப்படிச் சொல்வது? சேர்ந்த அன்றே கேட்டாள்: "படிக்கும்போது உனக்கு அமைதி வேணும்ல?" தலையாட்டினேன். யார் எதைக் கேட்டாலும் என் தலை ஆடிவிடும், எனக்கு முன்னால் அது பதில் சொல்லிவிடும். அதோடு, அவளுக்கு அமைதி தேவை, அதனால்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். அப்பாவும் அன்றைக்கு, "கூட இருக்கிற புள்ள சட்டம் படிக்குதா? பெரிய படிப்பாச்சே. நீ சத்தம் போடாம நட" என்றார். அன்றிலிருந்து செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கிறேன்.

ஜூலை 16, செவ்வாய்

மெஷின் ரிப்பேர். கணக்கும் நின்றுவிட்டது.

ஜூலை 17, புதன்

சத்தம் தேடிச் சமையலறைப் பக்கம் போனேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள், நல்ல தடதடப்பு. வாசற்படியில் நோட்டை விரித்தேன். சமையல் அக்கா எட்டிப் பார்த்து, "என்னம்மா, பசிக்குதா?" என்றார்.

தலை ஆடிவிட்டது.

இரண்டு அவித்த முட்டையும் ரொட்டியும். அவர் எதிரிலேயே நின்று, "சாப்புடு, சாப்புடு, இளச்சுப் போயிருக்க" என்றார். கணக்கு ஒன்றும் ஆகவில்லை. வயிறு மட்டும் கனத்தது.

ஜூலை 22, திங்கள்

அறை மாற விரும்புகிறவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும் என்று வார்டன் காலையில் அறிவித்தார். எனக்கென்ன என்று இருந்தேன்.

மதியம் நெட்டை வந்து கதவில் சாய்ந்துகொண்டாள். "வக்கீலம்மா வேற ரூம் கேக்குறாளாமே? வார்டன்கிட்ட நின்னு பேசிட்டிருந்தா, என் காதாலயே கேட்டேன். உங்களுக்குள்ள என்னடி?"

எங்களுக்குள்ள என்ன? ஒண்ணுமே இல்லையே. நான் என்ன பண்ணேன்? லைட்டக்கூட அவ வந்தப்புறம்தானே அணைக்கிறேன். பாட்டில் நிரப்பல? — ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல. பட்டறைக்காரர் பொண்ணு, சரியாப் பேசத் தெரியல, இவகூட எப்படி இருக்கிறதுன்னு நெனச்சிட்டாளோ?

ஜூலை 23, செவ்வாய்

இன்றும் என் துண்டை மடித்து வைத்திருக்கிறாள். போகிறவள் எதற்கு மடிக்கிறாள்?

ஜூலை 25, வியாழன்

நாளையோடு கெடு முடிகிறது. இரண்டு முறை அவள் எதிரில் வாயைத் திறந்தேன். ஒரு முறை "பேனா இருக்கா" என்று கேட்டேன். இன்னொரு முறை கொட்டாவி விட்டதுபோல் மூடிக்கொண்டேன்.

சாயங்காலம் அவள் பின்னாலேயே மாடிக்கு ஏறினேன். கதவைத் தாண்டுவதற்குள் குரல் கேட்டது. ஊரையே கூட்டுகிற குரல். தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டு, ஒப்பந்தம் எப்போது செல்லும், எப்போது செல்லாது என்று அதட்டிக்கொண்டிருந்தாள். தொட்டியைப் பார்த்துக் கேள்வி கேட்டாள், அவளே பதிலும் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் திரும்பினாள், சட்டென்று குரலைத் தாழ்த்தினாள்.

"சத்தம் கீழ வரைக்கும் வந்துடுச்சா? ஸாரிடி."

"நீ ரூம் மாத்துறியா?" எப்படிக் கேட்டேனோ, கேட்டுவிட்டேன்.

"உனக்காகத்தான்டி. எனக்குக் கத்திப் படிச்சாத்தான் ஏறும். எங்க வீட்ல நான் படிக்கிற பாடம் தெருவுக்கே மனப்பாடம். மழை ஆரம்பிச்சா இங்க நிக்க முடியாது, ரூம்லதான் கத்தணும். நீ பூனை மாதிரி நடக்கிற, செருப்புச் சத்தம்கூடக் கேக்காது. நான் உள்ள வந்தா நோட்டத் தூக்கிட்டு ஓடிடுற. அமைதியான ஆளு யாராவது வந்தா, நீயாவது நிம்மதியா உக்காந்து படிப்பேன்னு..."

வழக்கமாக இந்த இடத்தில் என் தலை ஆடியிருக்கும். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்கு அமைதி ஆகாது. சத்தம் இருந்தாத்தான் கணக்கு வரும். நான் வாஷிங் மெஷின் பக்கத்துலதான் படிக்கிறேன்."

"அப்ப அன்னைக்குக் கேட்டப்ப ஏன் தலையாட்டுன?"

"நான் எதுக்கும் ஆட்டுவேன்."

இடுப்பில் கை வைத்து, கோர்ட்டில் விசாரிப்பதுபோல் பிடித்துக்கொண்டாள். "நான் இங்க கொசுக்கடியில நின்னப்ப நீங்க வாஷிங் மெஷினோட குடும்பம் நடத்திட்டிருந்தீங்க. உண்மையா இல்லையா?"

தலையாட்டினேன்.

"வாயால சொல்லுங்க. தலையாட்டுறத எல்லாம் கோர்ட்டு ஏத்துக்காது."

"உண்மை" என்றேன். சிரித்துச் சிரித்து இருவரும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டோம்.

ஜூலை 26, வெள்ளி

வார்டன் அறைக்கு இருவரும் போனோம். அறை மாற்றமே வேண்டாம் என்று இவள் அவ்வளவு பேசியும் மேடம் காதில் வாங்கவில்லை.

"ஒரு நாள் வேணும்கிற, ஒரு நாள் வேணாங்கிற. உன் இடத்துக்கு வேற பொண்ணுகிட்டச் சொல்லிட்டேனே. ரொம்ப அமைதியான பொண்ணு." என் பக்கம் திரும்பினார். "உனக்குச் சரிதானே?"

என் தலை பாதி தூரம் இறங்கிவிட்டது. எனக்கே தெரிந்தது. வக்கீலம்மா பக்கத்தில் வாயை இறுக்கிக்கொண்டு நின்றாள். இந்தப் பதிலை அவள் சொல்ல முடியாது.

"இல்ல மேடம்."

"என்ன?"

"சரியில்ல மேடம். எனக்கு இவதான் வேணும். இவ கத்துறது எனக்கு வேணும்."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இத்தனை வருஷ சர்வீஸ்ல சத்தம் வேணும்னு கேட்டு வந்தவ நீ ஒருத்திதான். போங்க ரெண்டு பேரும்" என்றார்.

வெளியே வந்ததும் அவள் என் தோளில் கை போட்டுக்கொண்டே நடந்தாள்.

ஜூலை 30, செவ்வாய்

மழை. ஜன்னலைச் சாத்திவிட்டு அவள் கட்டிலுக்கும் கதவுக்கும் இடையில் நடந்து நடந்து படிக்கிறாள். தண்ணீர்த் தொட்டியின் இடத்தில் இப்போது நான். கேள்வி கேட்டால் மட்டும் "உம்" சொல்ல வேண்டும். இரண்டு வாரமாகத் தேங்கிக் கிடந்த கணக்குகள் ஒரே மூச்சில் முடிந்தன.

நெட்டை கதவைத் தட்டினாள். "போட்டோவுக்கெல்லாம் உயிர் வந்துடுச்சா? தாங்க முடியலடி!"

ஆகஸ்ட் 6, செவ்வாய்

மின்விசிறிக்குச் சண்டை. அவளுக்கு வேகமாக ஓட வேண்டும், என் தாளெல்லாம் பறக்கின்றன. நான் "முடியாது" என்று சொன்னேன், அதுவும் சத்தமாக. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிடப் போனோம். திரும்பி வருவதற்குள் இருவருக்கும் மறந்துவிட்டது.

அப்பாவிடம் சொன்னேன். "சட்டம் படிக்கிற புள்ளகிட்டயே சண்ட போட்டியா!" என்றார். குரலில் திட்டு இருந்தது, சிரிப்பும் இருந்தது.

ஆகஸ்ட் 14, புதன்

வார்டன் இப்போது எங்களை யாருக்கும் எடுத்துக்காட்டுவதில்லை.

மெஷின் சரியாகிவிட்டதாம். அழுக்குத் துணி சேரட்டும், போகலாம்.