சாயம் பூசிய தாராவு

தேரூர்,
கொல்லம் 1128 தை 9.

திருவனந்தபுரத்தில் மகன் வீட்டில் இருக்கும் நாத்தனார் தாணம்மாளுக்கு, உன் அண்ணன் மனைவி அழகியநாயகி எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். நீ சுகம் என்று உன் மகன்தான் எழுதினான். நீ எழுதவில்லை.

வெண்கல உருளியைத் திருப்பிக் கேட்கத்தான் எழுதுகிறேன் என்று பதறாதே. அதற்கு வேறு கடிதம் வரும்.

இது தாராவு விஷயம். தொண்ணூற்றொன்பது வெள்ளத்துக்கு அடுத்த தை மாதம், இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால், நம் குளத்தில் முகமெல்லாம் சாயம் பூசிய ஒரு தாராவு நீந்துவதைப் பார்த்தேன் என்று வந்து சொன்னேன். நீ மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பூங்கனி கல்யாணப் பந்தியில், நான் அவியலில் கை வைக்கும் நேரம் பார்த்து, "எங்க மைனி பாக்கணும்னா தாராவுகூட மொகத்துல சாயம் பூசிட்டுல்லா வருது" என்றாய். பந்தி முழுவதும் சிரித்தது. உன் அண்ணனுக்குப் புரையேறியது. அன்றிலிருந்து நான் மழை வரும் என்று சொன்னால்கூட, "சாயத் தாராவு மாதிரியா?" என்றுதான் ஊரில் கேட்கிறார்கள்.

அது இப்போது வந்திருக்கிறது. வருஷாவருஷம் வந்து போகும் கிளுவைப் பறவைக் கூட்டத்தோடு தாமரை ஓரத்தில் நீந்துகிறது. முகத்தில் பாதி மஞ்சள், பாதி பச்சை. கண்ணிலிருந்து மை வழிந்ததுபோல் ஒரு கறுப்புக் கோடு. நாகர்கோவில் காலேஜ் வாத்தியார் ஒருவர் குழல் வைத்துப் பார்த்தார். வாத்து என்றுதான் சொல்கிறார், நமக்குத் தாராவுதான். ரஷ்யாவில் பனிக்காட்டுப் பக்கம் உள்ளதாம், இங்கே வரவே வராதாம், வழி தப்பி வந்திருக்கிறதாம். முன்னேயும் ஒன்று வந்தது, நான் பார்த்தேன் என்றேன். இருக்கும் அம்மா என்று உடனே நம்பிவிட்டார். அவர் நம்பி எனக்கு என்ன? அவரா சிரித்தார்?

சிரித்தவர்களை நினைத்துப் பார்த்தேன். உன் அண்ணன் இல்லை. பூங்கனி இல்லை. அவியல் பரிமாறியவன்கூடப் போய்ச் சேர்ந்துவிட்டான். மிச்சம் நீதான்.

குளத்துப் பறவை சுடுகிற ததேயுஸ் துப்பாக்கியோடு வந்தான். "மக்கா, எங்க நாத்தனா வந்து ஒரு கண்ணு பாத்துக்கிடட்டும், அதுவரைக்கும் தொடாதே" என்றேன். "தாணம்மா ஆச்சி வாறது வரைக்குமா? அப்போ தாராவுக்கு ஆயுசு நூறுல்லா!" என்றான். கரையில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்தபிறகு சோறு இறங்கவில்லை.

உன் அண்ணனின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவள், பப்படம் ஆறிப்போச்சு என்று கோபித்துக்கொண்டு போனாய். ஆறித்தான் இருந்தது. ஆனால் பொரித்தது உன் மகள்.

கிளுவை கிளம்பும்போது இதுவும் கிளம்பிவிடும் என்கிறார் வாத்தியார். நம் வயதில் அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க முடியுமா? உனக்குக் கண் மங்கல் என்றும் கேள்விப்பட்டேன். கண்ணாடியை எடுத்துக்கொண்டு நாகர்கோவில் பஸ்ஸில் ஏறு. வில்வண்டி அனுப்புகிறேன். கிழக்கு அறையைக் கழுவிவிட்டிருக்கிறது.

கரையில் நின்று நன்றாகப் பார்த்துவிட்டு, இது அந்தத் தாராவே இல்லை, மைனி சொன்னது பொய்தான் என்று நீ சொன்னாலும் சரி. வந்து சொல்லு, ஏட்டி.

இப்படிக்கு,
உன் மைனி
அழகியநாயகி