ஸ்தோத்திரப் பண்டிகையில் ஏலம் போன பட்டாளப் பெட்டி

அருமனை,
சனிக்கிழமை.

பிரியமுள்ள தம்பி பிபினுக்கு,

கர்த்தருடைய கிருபை உன்னைச் சூழ்ந்திருக்க வேண்டிக்கொண்டு அக்கா ஜாஸ்மி எழுதுவது. போனில் உனக்கு லைன் கிடைப்பதே இல்லை. கிடைத்தாலும் "நல்லாருக்கேன் அக்கா" என்பதோடு கட்டாகிவிடுகிறது. குலசேகரத்து மரியஜான் லீவு முடிந்து லெபனானில் உங்கள் ஐ.நா. அமைதிப்படை கேம்புக்கே திரும்புகிறான் என்று கேள்விப்பட்டதும், அவன் கையில் கொடுத்துவிட இதை எழுத உட்கார்ந்தேன். நேந்திரங்காய் சிப்ஸும் கொடுத்திருக்கிறேன். வழியில் அவன் தின்று தீர்க்காவிட்டால் உனக்குக் கிடைக்கும்.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். அத்தான் சாப்பிடுகிறார். அதற்கு நீதான் காரணம்.

உனக்குப் பயம் வேண்டாம் என்று போனில் பாதியைத்தான் சொன்னேன். திருவனந்தபுரத்தில் தொண்டைப் புற்றுக்குக் கரண்ட், அதுதான் ரேடியேஷன், வைத்து முடித்த பிறகு அவருக்கு நாக்கில் ருசியே போய்விட்டது. கஞ்சி கொடுத்தால் மண் என்பார், பால் கொடுத்தால் சுண்ணாம்பு என்பார். அடுத்த தடவை வரும்போது எடை இன்னும் குறைந்திருந்தால் மூக்கு வழியாக டியூப் போட்டே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். டியூப்போடு வாழ்வதற்கு ஒரேயடியாகப் போய்விடலாம் என்றார் இவர். நான் அடுக்களையில் போய் அழுதுவிட்டு வந்தேன்.

நீ ஒவ்வொரு நாட்டுப் பட்டாளச் சாப்பாட்டுப் பெட்டியாக அனுப்பும்போது இந்த மனுஷன் எப்படி இருந்தார் என்று நினைத்துப்பார். இத்தாலிப் பெட்டி வந்த அன்று ரப்பர் கடையை நேரத்தோடு அடைத்துவிட்டு, கடைத் தராசையும் தூக்கிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு பொட்டலத்தையும் பிளேடால் கீறி, எடை போட்டு, போனில் மொழிபெயர்த்துப் படித்து, ஒரு வாய் ருசிபார்த்துத்தான் அபிப்பிராயம் சொல்வார். ருசி பார்க்காமல் ஒரு வார்த்தை வராது. "சண்டைக்குப் போகாதவன் சண்டைச்சோறு தின்னியான்" என்று என் மாமியார் கேலி செய்வார்கள். கடைசியாக வந்த பிரெஞ்சுப் பெட்டியை மட்டும், நீ லீவில் வரும்போது சேர்ந்து பிரிப்போம் என்று அலமாரி மேல் வைத்திருந்தார். அதற்குள் சீக்கு வந்துவிட்டது.

போன ஞாயிறு நம் சபையில் ஸ்தோத்திரப் பண்டிகை. காணிக்கைக் கூடையை மாமியார்தான் நிறைத்தார்கள். சேனைக்கிழங்கு, வாழைக்குலை, அதன் மேல் அந்தப் பெட்டி. கர்த்தருக்குக் கொடுப்பது கைபடாததாக இருக்கவேண்டுமாம். வீட்டில் பிரிக்காத சாப்பாடு அது ஒன்றுதானே. மகன் வாயில் ருசி திரும்பவேண்டும் என்று அவர்கள் மனதுக்குள் நேர்ந்ததும் உண்டு. அதைப் பிறகுதான் என்னிடம் சொன்னார்கள்.

ஆராதனை முடிந்து கோயில் முற்றத்தில் ஏலம். கோழி போச்சு, பலா போச்சு, அடுத்து தூக்கிக் காட்டியது நம் பெட்டி. நாற்காலியில் சாய்ந்திருந்த அத்தான் என்னைப் பார்த்தார். நான் மாமியாரைப் பார்த்தேன். மாமியார் வானத்தைப் பார்த்தார்கள். தேவனுக்குப் படைத்ததை எந்த முகத்தோடு திருப்பிக் கேட்பது? வாழைக்கடை ஆன்றோ விடாமல் கூட்டிக் கேட்டு எடுத்துவிட்டான். எடுத்தவன் அங்கேயே பிரித்து எல்லோருக்கும் பங்கு வைத்தான். உள்ளே வெள்ளையாக ஒரு வில்லை. மிட்டாய் என்று நினைத்து வாய்க்குக் கொண்டுபோனான்.

"லேய் ஆன்றோ, அது தின்னியதுக்குள்ளது இல்ல. தீ வைக்கியதாக்கும்." அத்தான்தான். அந்தத் தொண்டையிலிருந்து அவ்வளவு சத்தம் வந்து மாதங்கள் ஆகின்றன. எழுந்து போனார். பெட்டிக்குள் இருந்த தகரத்தை மடக்கிச் சின்ன அடுப்பாக்கினார், வில்லையைப் பற்றவைத்தார், தண்ணீர் வைத்து சூப் பொடியைக் கலக்கினார். சபையே சுற்றி நின்றது. "அண்ணே, ருசி எப்படி இருக்கும்?" என்று ஆன்றோ கேட்டான். அவருக்குத்தான் பழக்கதோஷம் உண்டே. ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். "உப்பு கொஞ்சம் கூடுதல்" என்றார்.

தம்பி, அவருக்கு உப்பு தெரிந்தது. மாமியார் முற்றத்திலேயே முழங்கால் போட்டுவிட்டார்கள். நானும் வெட்கமில்லாமல் அழுதேன். மீதி சூப்பையும் அவரே மெல்ல மெல்லக் குடித்தார். மறுநாள் கஞ்சியில் உப்புப் போடு என்று கேட்டு வாங்கிக் குடித்தார். இந்த வாரம் டாக்டர் எடை பார்த்துவிட்டு, டியூப்பை இப்போதைக்கு விட்டுவிடலாம் என்றார். உன் பெட்டி வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்குத் தைரியம் இல்லை. ஆயுசு முழுக்க உனக்கு நன்றி சொன்னாலும் போதாது.

இன்னொன்றும் எழுதவேண்டும். அன்றைக்கு ஒரு பெட்டி ஒரு ஆளுக்கு ஒரு நாள் சாப்பாடு என்று அத்தான் எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தார். பக்கத்துவீட்டு சுயம்பு அண்ணன் பட்டாளத்தில் இருந்தவர் அல்லவா, என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "பட்டாளத்துல சும்மா ஒருத்தனும் தரமாட்டான் பிள்ளே. ஒரு பெட்டிக்கு ஒரு பெட்டி மாத்தணும். அப்போ உன் தம்பி அந்த நாளு எதைத் தின்னான்?" அத்தான் கையிலிருந்த கப்பைக் கீழே வைத்துவிட்டார். வீட்டுக்கு வந்து, அலமாரியில் அடுக்கிவைத்த காலி உறைகளை நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். எங்களுக்கு ஏன் இது தோன்றவில்லை என்று தெரியவில்லை.

டிவியில் நீ இருக்கும் பக்கத்தைக் காட்டும்போது மாமியார் சேனலை மாற்றிவிடுகிறார்கள். நான் அடுத்த அறையில் போய் போனில் பார்த்துக்கொள்கிறேன்.

ஆகையால் மக்கா, இனி பெட்டி அனுப்பாதே. உன் பெட்டியை நீயே பிரி, நீயே சாப்பிடு. லீவில் வந்ததும் உன்னைக் கடைத் தராசில் ஏற்றி எடை பார்ப்பேன் என்று அத்தான் சொல்லியிருக்கிறார். குறைந்திருந்தால் பொல்லாதவராகிவிடுவார். தராசைத் துடைத்து வைத்திருக்கிறோம். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. முழுசாக வந்து ஏறிவிடு.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
அக்கா ஜாஸ்மி சுந்தர்சிங்