ஒன்பதாவது கேள்வி

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன், நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று போனில் சொன்னேன், அது பொய் இல்லை, ஆனால் மீதியைச் சொல்ல வாய் வரவில்லை, எழுதினால் வரும் என்று உட்கார்ந்திருக்கிறேன். அவசரப்பட்டு டிக்கெட் எதுவும் போட்டுவிடாதே, முதலில் முழுவதும் படி.

அம்மாவின் முதுகெலும்புக்குள் நரம்பு போகிற வழி குறுகிப்போனதும், ஆஸ்பத்திரியில் நடக்கிற ஆராய்ச்சியில் அவளைச் சேர்த்ததும் உனக்குத் தெரியும். பாதிப் பேருக்கு ஆபரேஷன், பாதிப் பேருக்கு உடற்பயிற்சி, யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் சொல்லும். அம்மாவுக்கு உடற்பயிற்சி வந்தது, கத்தியிலிருந்து தப்பித்தேன் என்று அன்றைக்கு அவளுக்கு ஒரே சந்தோஷம். வாரம் ஒரு படிவம், பன்னிரண்டு கேள்விகள், நோயாளியே நிரப்ப வேண்டும். முதல் வாரம் அவளேதான் நிரப்பினாள், இரண்டு கட்டங்களைக் காலியாக விட்டுவிட்டாள். உன் அப்பாவைத்தான் தெரியுமே, முப்பத்தொரு வருடம் அரைகுறை விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பியே காலம் தள்ளியவன், பேனாவைப் பிடுங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் காலையில் நான் கேள்வியைப் படிப்பேன், அவள் காய் நறுக்கிக்கொண்டே பதில் சொல்வாள். வலி பத்துக்கு எத்தனை என்றால், போன வாரம் போட்டதையே போடுங்க, அதுக்கு என்ன குறைச்சல் என்பாள். எங்கள் படிவம்தான் அடித்தல் திருத்தல் இல்லாமல் வருகிறது என்று ஆராய்ச்சி நர்ஸ் சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒன்பதாவது கேள்வி, தொடைகளுக்கு நடுவிலும் உட்காருகிற இடத்திலும் மரத்துப்போயிருக்கிறதா, சிறுநீர் கழிப்பதில் மாற்றம் உண்டா என்பது. எல்லா வாரமும் இல்லை என்றே டிக் இருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை உடற்பயிற்சி சொல்லித்தருகிற பெண்தான் விரிப்பு நனைந்திருப்பதைப் பார்த்தாள், அம்மாவுக்கு அது தெரியவே இல்லை. தனியாக அழைத்துக் கேட்டதில் மூன்று வாரமாக அந்த இடத்தில் உணர்ச்சியே இல்லை என்று சொல்லியிருக்கிறாள். அன்று சாயங்காலமே ஆபரேஷன். நரம்புக் கொத்து மொத்தமாக நசுங்கியிருந்ததாம். உணர்ச்சி திரும்ப ஒரு வருடம்கூட ஆகலாம், திரும்பாமலும் போகலாம், மூன்று வாரத்துக்கு முன்னால் தெரிந்திருந்தால் வேறு மாதிரி பேசியிருப்பேன் என்றார் டாக்டர். இப்போது சிறுநீர் போகக் குழாய் வைத்திருக்கிறார்கள். எனக்கு அழுகை வரவில்லை. வேளைக்குப் பசிக்கிறது, சாப்பிடுகிறேன், கேன்டீன் ஆள் எத்தனை இட்லி என்று கேட்டால் சரியாகச் சொல்கிறேன்.

டாக்டர் படிவங்களை வைத்துக்கொண்டு, ஏன் இல்லை என்று போட்டீர்கள் என்று அம்மாவைத்தான் கேட்டார். இவரு கேட்டாரு, நான்தான் ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டேன் என்றாள் அம்மா, என் முகத்தைப் பார்க்காமல். டாக்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை. உண்மை என்னவென்றால் நான் அந்தக் கேள்வியை ஒரு வாரம்கூட அவளிடம் படிக்கவில்லை. கூச்சமாக இருந்தது. கல்யாணமாகி முப்பத்தாறு வருடம் ஆகிவிட்டது, இருந்தும் கூச்சம். எட்டைக் கேட்டுவிட்டு, ஒன்பதுக்கு நானே டிக் போட்டுவிட்டுப் பத்துக்குப் போய்விடுவேன். மறுநாள் நர்ஸிடம் சொன்னேன். பழையதை அழிக்கக் கூடாது, படிக்கிற மாதிரி ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் காரணமும் தேதியும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்றாள். நான் நிரப்பிய எல்லாப் படிவத்திலும் அடித்துவிட்டு, கேட்கவில்லை என்று எழுதினேன்.

நேற்று கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டு, அந்தக் கேள்வியை முதல் தடவையாக அவளிடம் கேட்டேன், இன்றைக்கு ஏதாவது தெரிகிறதா என்று. இல்லை என்று தலையாட்டினாள். பிறகு, முதல் வாரம் நானே படிச்சதுதானே, ஒன்பதாவது என்னன்னு எனக்குத் தெரியும், அந்த மூணு ஞாயித்துக்கிழமையும் நீங்க கேப்பீங்கன்னுதான் கத்தியை வச்சிட்டு உட்கார்ந்திருந்தேன் என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளுக்குப் போன் செய். போனைக் கொடுத்துவிட்டு நான் வராந்தாவுக்குப் போய்விடுகிறேன், உன்னிடம் அவள் மறைக்க மாட்டாள். நீயும் நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை செய்யாமல் எழுந்து நட. மாப்பிள்ளைக்கும் உனக்கும் எங்கள் இருவரின் ஆசிகள்.

உன் அப்பா